குயிலின் கறுப்பும் குயிலின் கூவலும்

சென்ற இதழில் மரபணு பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, ஓர் உயிரின் நடத்தையும் அதன் ஃபீனோடைப்பில், அதாவது அதனிடம் பார்த்தோ அளந்தோ அறிய முடிகிற பண்புகளில், சேரும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். அதனால் இந்த இதழில் வேறு எதற்கும் போகாமல் அதையே எடுத்துக்கொள்வோம்.

கேள்வி: புறத்தோற்றம், அதாவது ஃபீனோடைப், என்பதற்கு எங்கள் பாடத்தில் வரும் உதாரணங்கள் எல்லாம் பட்டாணிச் செடியின் உயரம், பூவின் நிறம், விதையின் வடிவம். குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவதும் இதில் சேருமா என்று வகுப்பில் கேட்டேன். "அது நடத்தை, அது வேற" என்று பதில் வந்தது. எது சரி?
– பிளஸ் டூ மாணவி, தேனி

பதில்: அதுவும் ஃபீனோடைப்தான். வகுப்பில் சொன்ன உதாரணங்கள் எல்லாம் சரி, ஆனால் பட்டியல் அங்கே முடிந்துவிடவில்லை.

ஜீன், ஜீனோடைப், ஃபீனோடைப் என்ற மூன்றையும் 1909இல் கொண்டுவந்தவர் டென்மார்க்கின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோஹான்சன். அவர் கையில் எடுத்தது பீன்ஸ் விதை. தன் மகரந்தத்தாலேயே காய்க்கும் ஒரே செடியின் வழிவந்த விதைகளில் பெரிதைத் தனியாகவும் சிறிதைத் தனியாகவும் விதைத்துப் பார்த்தார். இரண்டின் பிள்ளைகளும் சராசரியில் ஒரே எடை. அப்படியானால் நம் கையில் இருக்கும் விதையின் எடை ஒன்று, அது அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது இன்னொன்று. முதலாவதுதான் ஃபீனோடைப், இரண்டாவது ஜீனோடைப். நேராகப் பார்த்தோ, நுட்பமாக அளந்தோ, விவரித்தோ பிரித்தறிய முடிகிற எதுவும் அதில் அடங்கும் என்றே அவர் எழுதினார். உங்கள் ரத்த வகை யார் கண்ணுக்கும் தெரியாது, ரத்தத்தில் ஒரு சொட்டு சோதனை மருந்து விட்டுத்தான் பார்க்க வேண்டும். அதை ஃபீனோடைப் இல்லை என்று யாரும் சொல்வதில்லையே.

உங்கள் குயிலுக்கே வருவோம். குஞ்சு பொரிவது காக்கைக் கூட்டில், ஊட்டி வளர்ப்பது காக்கை, காதில் விழுவது காக்கையின் குரல். ஆனாலும் வளர்ந்து வாயைத் திறந்தால் வருவது குயிலின் கூவல்தான். ஆண் குயிலின் கறுப்பு எப்படி அதன் இனத்தின் வழியாக வந்ததோ அப்படித்தான் அந்தக் கூவலும். ஐரோப்பியக் குயிலில் இது இன்னும் கடுமையாக இருக்கும். கண் திறக்காத, இறகு முளைக்காத குஞ்சு, பொரிந்து ஓரிரு நாளுக்குள் வளர்ப்புத் தாயின் முட்டைகளை முதுகில் ஏற்றிக் கூட்டின் விளிம்புவரை தள்ளிக்கொண்டுபோய் வெளியே உருட்டிவிடும். எட்வர்ட் ஜென்னர் இதை 1788இலேயே எழுதிவைத்தார், ஆமாம், அம்மைத் தடுப்பூசியின் அதே ஜென்னர்தான். யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கும் அந்தக் குஞ்சு?

ஆனால் எனக்குக் கடைசிச் சந்தேகத்தையும் தீர்த்தது குயில் இல்லை, பழ ஈ. 1971இல் அமெரிக்காவில் சீமோர் பென்சரும் அவருடைய மாணவர் ரொனால்ட் கொனோப்காவும், நாளின் தாளம் மாறிப்போன மூன்று வகைப் பழ ஈக்களைக் கண்டுபிடித்தார்கள். ஒன்றுக்கு ஒரு 'நாள்' என்பது 19 மணி நேரம், இன்னொன்றுக்கு 28 மணி நேரம், மூன்றாவதற்குத் தாளமே இல்லை, எப்போது வேண்டுமானாலும் ஓடும், எப்போது வேண்டுமானாலும் ஓயும். மூன்று கோளாறும் ஒரே மரபணுவில். ஈயைப் பிடித்துக் கண் நிறம், இறக்கை, ரோமம் என்று எதைச் சோதித்தாலும் இந்த வித்தியாசம் கிடைக்காது. எப்போது கூட்டுப்புழு உறையிலிருந்து வெளிவருகிறது, எப்போது ஓடியாடுகிறது என்பதில்தான் கிடைத்தது. நடத்தையை ஃபீனோடைப் கணக்கிலிருந்து தள்ளியிருந்தால் அந்த மரபணு இருப்பதே தெரிந்திருக்காது. அந்த மரபணு எப்படி வேலை செய்கிறது என்று பிரித்துக் காட்டியதற்குத்தான் 2017இல் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் நோபல் பரிசு.

கேள்வி: எட்டு பெட்டி தேனீ வைத்திருக்கிறேன். ஒரு பெட்டியில் புழு செத்தால் மறுநாளே இழுத்து வெளியே போட்டுவிடுகின்றன. பக்கத்துப் பெட்டியில் அப்படியே கிடந்து அழுகுகிறது. இடம் ஒன்று, பூ ஒன்று, வளர்க்கும் கை ஒன்று. இது வம்சமா, பழக்கமா?
– தேனீ வளர்ப்பவர், மார்த்தாண்டம்

பதில்: நீங்கள் பெட்டிக்குள் பார்த்ததை வைத்தே ஒருவர் பெயர் வாங்கியிருக்கிறார். வால்டர் ரோத்தன்பூலர், அமெரிக்கர். அங்கே புழுக்களை அழுக வைக்கும் ஒரு பாக்டீரியா நோய் பெரிய தொல்லை. செத்த புழு மெழுகு மூடிக்குள் கிடக்கக் கிடக்க நோய் கூடு முழுக்கப் பரவும். சில கூட்டங்கள் மூடியைத் திறந்து பிணத்தை இழுத்துப் போட்டுத் தப்பித்துக்கொள்ளும், சில கூட்டங்கள் தொடாது. இரண்டு வம்சத்தையும் அவர் கலந்தார். கலப்பில் பிறந்தவை ஒன்றும் சுத்தம் செய்யவில்லை. அந்தக் கலப்பைத் திரும்பவும் சுத்தக்கார வம்சத்தோடு சேர்த்தார், 29 கூட்டங்கள் கிடைத்தன. அதில் 6 கூட்டம் மூடியைத் திறந்து பிணத்தையும் அகற்றின. 9 கூட்டம் மூடியைத் திறந்தன, ஆனால் உள்ளே கிடப்பதைத் தொடாமல் விட்டுவிட்டன! மீதி 14 எதையும் செய்யவில்லை.

இங்கேதான் அந்த மனிதரின் கூர்மை. அந்த 14 கூட்டங்களிலும் மூடிகளை அவரே கையால் திறந்துவிட்டார். அதில் 6 கூட்டம் பிணங்களை இழுத்துப் போட்டன. அதாவது அகற்றும் பழக்கம் அவற்றிடம் இருந்தது, திறக்கும் பழக்கம்தான் இல்லை. நாம் 'சுத்தம் செய்வது' என்று ஒரே வேலையாகப் பார்ப்பதை, தேனீயின் பரம்பரை இரண்டு துண்டாகத் தனித்தனியே கைமாற்றுகிறது. இது 1964இல் வெளிவந்தது. இரண்டே மரபணுக்கள் என்று அவர் போட்ட கணக்கு பின்னால் நிற்கவில்லை, இன்னும் பல இடங்கள் சம்பந்தப்பட்டிருக்கின்றன என்று தெரிந்தது. ஆனால் இந்த நடத்தை வம்ச வழியாகக் கடத்தப்படுகிறது என்பது உறுதியாகவே நிற்கிறது.

உங்களுக்கு உபயோகமாக ஒன்று சொல்கிறேன். மூடிய புழு அறைகள் நூறை எண்ணி, மெல்லிய ஊசியால் குத்திவிட்டு, ஒரு நாள் கழித்து எத்தனை அறை காலியாகியிருக்கிறது என்று எண்ணுங்கள். எல்லாப் பெட்டியிலும் ஒரே நாளில் செய்யுங்கள். தேனீ வளர்ப்பு ஆய்வாளர்கள் கூட்டங்களைத் தரம் பிரிக்கச் செய்யும் சோதனைகளில் இதுவும் ஒன்று. ஆள் குறைந்த கூட்டமும், பூ வற்றிய காலத்துக் கூட்டமும் நல்ல வம்சமாக இருந்தாலும் மந்தமாகத்தான் வேலை செய்யும், அதனால் ஒரு தடவை பார்த்து முடிவுக்கு வரவேண்டாம். தொடர்ந்து முந்துகிற பெட்டியிலிருந்து ராணி எடுங்கள். 1990களின் தொடக்கத்தில் தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் வைரஸ் தென்னிந்தியப் பெட்டிகளைக் காலி செய்ததை உங்கள் ஊரில் பெரியவர்கள் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். நோயோடு மல்லுக்கட்டும் நடத்தையைத் தேடித் தேர்ந்தெடுப்பது வீண் வேலை இல்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். இங்கே அளப்பது ஒரு தனித் தேனீயை அல்ல, கூட்டத்தை. ராணி பல ஆண் தேனீக்களோடு சேர்வதால் ஒரே பெட்டிக்குள்ளேயே பல தகப்பன்மாரின் மகள்கள் இருப்பார்கள்.

கேள்வி: முப்பது வருடம் விலங்கியல் கற்பித்தவன். ஃபீனோடைப் என்பது ஓர் உயிர் எப்படி இருக்கிறது என்பது. நடத்தை என்பது அது என்ன செய்கிறது என்பது, நிமிடத்துக்கு நிமிடம் மாறும். அதிலும் பாதி, கற்றுக்கொண்டது. கற்றதையெல்லாம் ஃபீனோடைப் என்றால் அந்தக் கருத்துக்கே எல்லை இல்லாமல் போய்விடாதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: ஐயா, வந்த கடிதங்களிலேயே கனமான எதிர்ப்பு உங்களுடையதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மாறுவது பற்றி. ரத்த அழுத்தம் காலையில் ஒன்று, மாடிப்படி ஏறியபின் ஒன்று. உடல் வெப்பமும் ஹார்மோன் அளவும் அப்படியே. இவற்றையெல்லாம் ஃபீனோடைப் என்று ஏற்றுக்கொண்டுவிட்டு, மாறுகிறது என்ற காரணத்துக்காக நடத்தையை மட்டும் வெளியே நிறுத்த முடியாது. ஆனால் உங்கள் எதிர்ப்பில் ஒரு பகுதியை அப்படியே ஏற்கிறேன்: ஒரு தனிச் செயல் பண்பு ஆகாது. நேற்று சாயங்காலம் ஒரு நாய் குரைத்தது என்பது ஒரு சம்பவம். அறிமுகமில்லாதவர் வாசலுக்கு வந்தால் அந்த நாய் எவ்வளவு சீக்கிரம் குரைக்கிறது, எவ்வளவு நேரம் குரைக்கிறது என்று ஒரே மாதிரிச் சூழ்நிலையில் பலமுறை அளந்தால் அது பண்பு. எந்தச் சூழ்நிலையில் எதை அளந்தோம் என்று சொல்லாமல் 'கோபக்கார எலி', 'பயந்தாங்கொள்ளி மீன்' என்று எழுதும் கட்டுரைகளின் மேல் உங்களுக்கு வரும் எரிச்சல் எனக்கும் வருவதுண்டு.

அடுத்து, கற்றுக்கொண்டது. 1950களில் கேம்பிரிட்ஜில் வில்லியம் தோர்ப் சாஃபின்ச் என்னும் சிறு பறவையின் குஞ்சுகளைப் பெரிய பறவைகளின் பாட்டே காதில் விழாமல் வளர்த்தார். அவை பாடின, ஆனால் அரைகுறையாக. நீளம் ஏறக்குறைய இனத்துக்கு உரியது, நுணுக்கங்கள் இல்லை. கலிஃபோர்னியாவின் வெள்ளைக்கொண்டைச் சிட்டுகளில் ஊருக்கு ஊர் பாட்டின் வழக்கு மாறும், குஞ்சு தன் வட்டாரத்தில் கேட்டதைக் கற்றுப் பாடும். பீட்டர் மார்லர் இதை விரிவாகக் காட்டினார். இந்தப் பாட்டு அந்தப் பறவையின் ஃபீனோடைப்தான். ஆனால் இரண்டு வட்டாரப் பாட்டுகளுக்கு இடையே இருக்கும் வித்தியாசம் கேட்டு வளர்ந்ததால் வந்தது. நாம் தமிழ் பேசுவதும் இப்படித்தான். இங்கே பிறந்த ஒரு குழந்தை ஜப்பானில் ஒரு வீட்டில் வளர்ந்திருந்தால் ஜப்பானிய மொழி பேசியிருக்கும், அந்த வித்தியாசத்துக்கு மரபணுவில் காரணம் தேடினால் கிடைக்காது.

ஆக இங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இது ஃபீனோடைப்பா என்பது ஒன்று. இரண்டு உயிர்களுக்கு இடையே இதில் வரும் வித்தியாசம் எதனால் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு 'ஆம்' என்று சொன்னவுடனே இரண்டாவதற்கு 'மரபணுவால்' என்று சொல்லிவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள், எதிர்ப்பு முழுக்க அங்கிருந்துதான் வருகிறது. யோஹான்சனின் பீன்ஸ் விதையிலேயே இதற்கு விடை இருக்கிறது: விதையின் எடை வித்தியாசம் மண்ணாலும் தண்ணீராலும் காய்க்குள் இருந்த இடத்தாலும் வந்தது, ஆனாலும் அந்த எடை ஃபீனோடைப். சூழலால் வந்ததா, மரபால் வந்ததா என்று பார்த்துச் சேர்க்கிற பட்டியலே இல்லை இது.

நடத்தையில் இதைக் காட்டும் நல்ல உதாரணம் எலி. கலிஃபோர்னியாவில் ராபர்ட் ட்ரையன், புதிர்ப்பாதையில் வழி கண்டுபிடிப்பதில் தேறும் எலிகளை ஒரு பக்கமும், தடுமாறும் எலிகளை மறுபக்கமும் தலைமுறை தலைமுறையாகப் பிரித்து இனப்பெருக்கம் செய்தார். 1940இல் அவர் முழுவதையும் வெளியிட்டபோது இரண்டு வம்சங்களும் கிட்டத்தட்ட முற்றிலும் விலகிப்போயிருந்தன. சரி, புத்தி பிறப்பிலேயே வருகிறது என்று முடித்துவிடலாமா? 1958இல் கனடாவில் கூப்பர், ஸூபெக் இருவரும் இதேபோலப் பிரித்து வளர்த்த வேறு இரண்டு வம்ச எலிகளைச் சாமான்கள் நிறைந்த கூண்டில் சிலவற்றையும், ஒன்றுமே இல்லாத வெறும் கூண்டில் சிலவற்றையும் வளர்த்தார்கள். நிறைந்த கூண்டில் இரண்டு வம்சமும் ஏறக்குறைய ஒன்றுபோல நன்றாகச் செய்தன, வெறும் கூண்டில் இரண்டும் ஒன்றுபோல மோசமாகச் செய்தன. சாதாரணக் கூண்டில் மட்டும்தான் அந்தப் பெரிய இடைவெளி. மரபணு மாறவில்லை, கூண்டு மாறியது, வித்தியாசம் கரைந்துபோனது.

எல்லை இல்லாமல் போய்விடுமே என்று கவலைப்படுகிறீர்கள். எல்லை இருக்கிறது: அந்த உயிரிடம் அளக்க முடிய வேண்டும், திரும்பச் செய்து பார்த்தால் ஏறக்குறைய அதே விடை வரவேண்டும். அது போதும் என்றுதான் நினைக்கிறேன்.

கேள்வி: தொட்டாற்சிணுங்கி இலையை மூடுவது நடத்தையா? அதற்கு மூளையே இல்லையே.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: மூளை வேண்டியதில்லை. ஈ. கோலை பாக்டீரியா சர்க்கரை இருக்கும் பக்கம் நீந்திப் போகும், ஒவ்வாத பொருளிலிருந்து விலகும். மரபணு மாறியதால் அப்படிப் போகத் தெரியாத வகைகளைப் பொறுக்கியெடுத்துத்தான் ஜூலியஸ் ஆட்லர் அந்தத் திறனை ஆராய்ந்தார். தொட்டாற்சிணுங்கியை மூட வைப்பது இலைக்காம்படியில் உள்ள செல்களிலிருந்து தண்ணீர் சட்டென்று வெளியேறுவது. அதை நடத்தை என்றாலும் உடலியக்கம் என்றாலும் ஃபீனோடைப் கணக்கில் மாற்றம் இல்லை.

கேள்வி: நடத்தை சேரும் என்றால் தூக்கணாங்குருவியின் கூடும் சேருமா? அது உடம்புக்கு வெளியே, புல்லால் ஆனது.
– கல்லூரி மாணவர், விழுப்புரம்

பதில்: சேரும் என்று வாதிட்டவர் பரிணாம உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ். 1982இல் வந்த அவருடைய நூலுக்கே 'விரிந்த ஃபீனோடைப்' என்ற பொருளில்தான் பெயர். கூடு கட்டும் திறனில் பறவைக்குப் பறவை மரபு வழியாக வித்தியாசம் இருந்து, நல்ல கூட்டைக் கட்டுகிறவற்றுக்குக் குஞ்சுகள் அதிகம் கிடைத்தால், இயற்கைத் தேர்வு அலகைத் தேர்ந்தெடுப்பதுபோலவே கூட்டையும் தேர்ந்தெடுக்கிறது. தூக்கணாங்குருவியில் பெண் பறவை பாதி கட்டிய கூட்டைப் பார்த்துவிட்டுத்தான் ஆணை ஏற்கிறது, ஆகவே இது வெறும் கற்பனை வாதம் இல்லை. கூடு கட்டுவதிலும் பயிற்சி உண்டு. ஆப்பிரிக்க நெசவுக்குருவிகளில் கோலியாஸ் என்ற ஆய்வாளர் தம்பதியர் பார்த்தது, சிறு வயதில் பச்சைப் புல் கிடைக்காமல் வளர்ந்த ஆண் பறவைகள் பின்னால் முடிச்சுப் போடவே திணறின.

எனக்கு இதில் மிகவும் பிடித்த உதாரணம் ஒரு வைரஸ். ஜிப்சி அந்துப்பூச்சியின் கம்பளிப்புழுவைத் தொற்றும் ஒரு வகை உண்டு. நோய் கண்ட புழு மரத்தின் உச்சிக்கு ஏறி, அங்கே செத்துக் கூழாகி, வைரஸைக் கீழே இருக்கும் இலைகளின் மேல் சொட்டும். வைரஸில் இருக்கும் 'ஈஜிடி' என்ற ஒரே மரபணுவை நீக்கிவிட்டால் புழு அப்படி உச்சியில் போய்ச் சாவதில்லை என்று 2011இல் காட்டினார்கள். ஏறுவது புழு, ஏற்றுவது வைரஸின் மரபணு. அந்த ஏற்றம் யாருடைய ஃபீனோடைப் என்று கேட்டால், வைரஸுடையதும்தான் என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆனால் எல்லாக் கட்டடத்தையும் இதில் அடக்கிவிடாதீர்கள். ஒரு பொறியாளர் கட்டிய அடுக்குமாடி நன்றாக அமைந்ததால் அவருடைய மரபணு பெருகுவதில்லை. டாக்கின்ஸே அங்கே கோடு போட்டுவிட்டார்.

கேள்வி: கன்னி இன நாய்க்குட்டி ஒன்று வாங்கப்போகிறேன். தாயும் தகப்பனும் நல்ல குணம் என்றால் குட்டியும் அப்படியே வருமா?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: வாய்ப்பு உண்டு, உத்தரவாதம் இல்லை. 2022இல் அமெரிக்காவில் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் விவரங்களை வைத்துச் செய்த ஒரு பெரிய ஆய்வில், தனித்தனி நாய்களின் நடத்தையில் உள்ள வேறுபாட்டில் இனம் விளக்கியது சுமார் 9 சதவீதம்தான். நாய்களின் நடத்தையில் பரம்பரைக்குப் பங்கு உண்டு என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ஆனால் இனப் பெயரை மட்டும் வைத்து ஒரு குட்டியின் குணத்தைச் சொல்லிவிட முடியாது. தாயை நேரில் போய்ப் பாருங்கள், முடிந்தால் தகப்பனையும். அதைவிட முக்கியம், மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய மூன்று மாதம்வரை குட்டி மனிதர்களோடு பழகியிருக்கிறதா என்று கேளுங்கள். இருட்டறையில் கட்டிப்போட்டு வளர்த்த குட்டியை, எவ்வளவு நல்ல வம்சம் என்று சொன்னாலும், நான் வாங்கமாட்டேன்.

கேள்வி: நடத்தை ஃபீனோடைப் என்றால் திருட்டும் வன்முறையும் பிறவியிலேயே வருகின்றன என்று ஆகிவிடாதா? எங்கள் பக்கம் சாதியைச் சொல்லி அப்படிப் பேசுகிறவர்களுக்கு நீங்கள் வலுச் சேர்க்கிறீர்கள்.
– சட்டக் கல்லூரி மாணவர், மதுரை

பதில்: இந்தக் கோபம் நியாயமானது. அதுவும் மதுரையிலிருந்து வருகிறது. குற்றம் ரத்தத்தில் ஓடுகிறது என்ற எண்ணத்தையே சட்டமாக்கி 1871இல் ஆங்கிலேய அரசு குற்றப் பரம்பரையினர் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ரேகைச் சட்டம் என்று மக்கள் சொன்னது இதைத்தான். உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று கைரேகை பதிய மறுத்த மக்கள்மேல் போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள், அதில் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். சென்னை மாகாணத்தில் 1947இல்தான் சட்டம் நீங்கியது, நாடு முழுக்க 1952இல்.

நடத்தை ஃபீனோடைப் என்று சொல்கிறவர் இந்தச் சட்டத்தின் பக்கம் நிற்க முடியாது. எலிகளின் கதையை மேலே பார்த்தோம், மரபு வழி வந்த வித்தியாசமே கூண்டு மாறினால் கரைகிறது. மனிதர்களில் ஃபீனைல்கீட்டோனூரியா என்று ஒரு பிறவிக் குறை இருக்கிறது. ஒரே மரபணுவின் பழுது, கவனிக்காமல் விட்டால் மூளை வளர்ச்சி கடுமையாகப் பாதிக்கும், நடத்தையும் பாதிக்கும். பிறந்தவுடன் ரத்தச் சோதனையில் கண்டுபிடித்து ஒரு குறிப்பிட்ட அமினோ அமிலம் குறைந்த உணவைக் கொடுத்தால் அந்தக் குழந்தை மற்றக் குழந்தைகளைப்போல வளரும். மரபணு அப்படியே இருக்கிறது, தட்டில் இருப்பதுதான் மாறியது. திருட்டு இந்த வகையில்கூடச் சேராது. எது திருட்டு என்பதைச் சட்டம் தீர்மானிக்கிறது, பசியும் நிலமும் காவல்துறையும் அதில் கலந்திருக்கின்றன. ஒரு சமூகத்துக்கும் இன்னொரு சமூகத்துக்கும் இடையே திருட்டுக்கான மரபணு வித்தியாசத்தை யாரும் காட்டியதில்லை.

அதோடு, ஃபீனோடைப் என்பதற்கு முதல் நிபந்தனை அந்த உயிரை, அந்த ஒருவரை, பார்த்து அளப்பது. ரேகைச் சட்டம் யாரையும் அளக்கவில்லை. ஒருவர் என்ன செய்தார் என்று பார்க்காமல் எந்தச் சாதியில் பிறந்தார் என்பதை வைத்துப் பதிவேட்டில் எழுதியது, குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனிக் குடியிருப்புகளில் வைக்கவும் இடம் கொடுத்தது. உங்கள் பக்கம் அப்படிப் பேசுகிறவர்களிடம் இதைக் கேளுங்கள்: எந்த நடத்தையை, யாரிடம், எப்படி அளந்தீர்கள்?